வேர்க்காரிக்கு வேர் எடுத்தது யாரு?

மூக்கப் பொத்தாத. கைய எடு. குதிரை வாடை அடிச்சா அடிச்சுட்டுப் போகுது, முட்டி ரெண்டும் பொம்முனு வீங்கிக் கெடக்கறப்ப சந்தனமா பூசிக்க முடியும்? அமுக்கராங்கிழங்கும் சுக்கும் வெந்நீர் விட்டு அரைச்சு, சுட வெச்சு, பத்துப் போட்டிருக்கேன். காயற வரைக்கும் நான் கால மடக்கக் கூடாது, நீயும் மேல ஏறி உழக்கக் கூடாது. இந்தப் பக்கமா படு. கதை சொல்றேன், ஆனா நீ "ம்" போடணும். உன் "ம்" நின்னா என் கதையும் நின்னுடும்.

"ம்."

இப்பவே போட்டா எப்படி, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

ஒரு ஊர்ல ஒரு சரிவு. ராஜா ராணின்னு பாத்தியா? ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, ஒரு சரிவுதான். ஊருக்கு மேக்கால மலை, மலை அடியில கல்லும் முள்ளுமா ஒரு சரிவு. ஆடு கூட யோசிச்சுத்தான் ஏறும். அந்தச் சரிவுல அமுக்கராச் செடி தானா மொளச்சுக் கெடக்கும். உன் ஒசரம் இருக்கும். இலை மங்கலா, சாம்பல் பூசுன மாதிரி, தொட்டா மெத்துனு இருக்கும். குட்டிக் குட்டியா செவப்புப் பழம், ஒவ்வொரு பழத்துக்கும் காயிதத்துல தச்ச மாதிரி ஒரு உறை. பாக்கறதுக்கு ஒண்ணும் பெரிய அழகு கெடையாது. அதோட சமத்தெல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு, வேருல.

அந்த ஊர்ல ஒரு பொம்பள இருந்தா. அவ வேலையே அந்தச் சரிவுல ஏறி வேர் எடுக்கறதுதான். எல்லாரும் அவள வேர்க்காரின்னு கூப்புடுவாங்க. சின்னதுங்க "வேர்க்காரி ஆத்தா"ம்பாங்க, பெருசுங்க வெறும் "வேர்க்காரி"ம்பாங்க. அவளும் "என்னா?"ன்னு திரும்பிப் பாப்பா.

ஊர்ல யாருக்கு வலின்னாலும் அவ வாசல்லதான் வந்து நிப்பாங்க. ஏர் ஓட்டி இடுப்புப் பிடிச்சவன் வருவான். நெல்லு குத்திக் குத்தி மணிக்கட்டு வீங்குனவ வருவா. கெணத்துல தண்ணி சேந்திச் சேந்தித் தோளத் தூக்க முடியாதவ வருவா. வேர்க்காரி அவங்கள ரெண்டே கேள்விதான் கேப்பா. "பேரு என்னா? எங்க வலிக்குது?" அவ்வளவுதான். எப்ப இருந்து வலிக்குது, என்ன சாப்பிட்ட, உன் மாமியாரு நல்லவளா, ஒண்ணும் கேக்க மாட்டா.

கேட்டுட்டு, மறுநாள் பொழுது கெளம்பறப்ப, டொக்கு டொக்குனு கம்பு ஊனி சரிவுல ஏறுவா. வேர் எடுக்க அவகிட்ட மூணு கட்டுத்திட்டம் இருந்துச்சு. என்னென்ன கேளு.

"ம்."

ஒண்ணு, இரும்பு படக் கூடாது. கடப்பாரை, மம்புட்டி எதுவும் ஆகாது. ஒரு பழைய மான்கொம்பு வெச்சிருந்தா, அதாலதான் நோண்டுவா. ரெண்டு, நம்ம நிழல் செடி மேல விழக் கூடாது. அதனால செடிக்கு மேல்பக்கமாப் போயி, சூரியன் மூஞ்சிக்கு நேரா வர்ற மாதிரி குந்துவா. நிழல் முதுகுக்குப் பின்னால போயிடும். மூணாவது, யாருக்கு வலியோ அவங்க பேரச் செடிகிட்டச் சொல்லணும். "பொட்டியம்மா. வடக்குத் தெரு. வலது தோளு." அப்படிச் சொல்லிட்டுத்தான் மான்கொம்ப மண்ணுல வைப்பா. கர்க்... கர்க்... கர்க். அப்புறம் வேரப் புடிச்சு மெதுவா இழுப்பா. சொர்ர்ருனு வரும், நுனி வரைக்கும் அறாம. நுனி அறுந்துச்சுன்னா வலியும் பாதி உள்ள தங்கிடும்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு. வேர் வந்ததும் அந்தச் செடியோட பழத்தையே உதுத்துக் குழியில போட்டு, காலால மண்ணத் தள்ளி மூடிட்டுத்தான் எறங்குவா. எடுத்த எடத்துல குடுத்துட்டு வரணுமில்ல?

"ம்."

பச்சை வேர்னா சுக்கோட அரைச்சு, வீங்குன எடத்துல பத்து. நிறைய இருந்தா, பானையில பால ஊத்தி, வாயில துணியக் கட்டி, அது மேல வேர வெச்சு புட்டு மாதிரி ஆவியில அவிப்பா. வெயில்ல காய வெச்சு இடிச்சுப் பொடி பண்ணுவா. ஒடம்பு அசந்து கெடக்கறவங்களுக்கு அந்தப் பொடியப் பால்ல கலந்து குடிக்கச் சொல்லுவா. ஏன் பால்ல அவிக்கணும்னு கேக்கறியா? அது கொஞ்சம் முரட்டு வேரு. பால் ஆவி பட்டாத்தான் முரடு எறங்கும்னு சொல்லுவாங்க. நீ எடுத்து வாயில கீயில போட்டுடாத, அப்புறம் உங்கம்மா என்னைப் பால்ல அவிச்சுடுவா.

அப்போ ஒரு வருஷம் என்னாச்சு, மழை பொய்ச்சுப் போச்சு. சரிவெல்லாம் கருகிடுச்சு. நூறு செடி இருந்த எடத்துல, வேர் முத்துன செடி மூணே மூணுதான் நின்னுச்சு. அந்த வருஷம் பாத்து வேர்க்காரிக்கு முட்டி வீங்கிடுச்சு. ஒரு முட்டி இல்ல, ரெண்டும். இந்தா, இதோ, என்னோடத விடப் பெருசா. காலையில எந்திரிக்கப் பாக்கறா, அம்மாடின்னு உக்காந்துட்டா. கம்ப ஊனிப் பாக்கறா, கம்பு நிக்குது, கால் நிக்க மாட்டேங்குது.

"அவளே போயி வேர் எடுத்துக்கலாம்ல?"

கால் இருந்தாத்தானே போவா? கால் இருந்தாலும் முடியாது. வேர் எடுக்கறவ தனக்குன்னு எடுக்கக் கூடாது. தன் பேரத் தானே சொன்னா செடி காதுல போட்டுக்காது. இன்னாருக்கு வலிக்குதுன்னு இன்னொருத்தர்தான் போய்ச் சொல்லணும். உன் முதுக நீயே சொறிஞ்சுக்க முடியுதா? "பெரியம்மா, சொறி சொறி"ன்னு என்கிட்டத்தானே வந்து நிக்கற?

"ம்."

அது சித்திரை மாசம். மழை எறங்கிட்டா வேரெல்லாம் தண்ணி கோத்துக்கும், சத்து நிக்காது. அப்புறம் தை மாசம் வரைக்கும் காத்துக் கெடக்கணும். அத்தனை மாசம் மடக்காமக் கெடந்தா முட்டி அப்படியே எறுகிப் போயிடும், அப்புறம் சாகற வரைக்கும் நடை இல்ல. வேர்க்காரிக்கு அது தெரியும். எத்தனை பேர அப்படிப் பாத்திருக்கா! சாவுக்கு அவ பயப்படல. ஒரு எடத்துல கெடந்துக்கிட்டு, நாலு பேரு வந்து தூக்கி வெளிய உக்கார வெச்சு, திரும்பத் தூக்கி உள்ள வெக்கறாங்க பாரு, அதுக்குத்தான் பயந்தா. கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு, வாசல் வழியா அந்தச் சரிவையே பாத்துக்கிட்டு இருந்தா.

ஊரு ஒண்ணும் கெட்ட ஊரு இல்ல. மொறை போட்டுக்கிட்டு சோறு அனுப்புனாங்க. இன்னைக்கு இந்த வீட்டுக் களி, நாளைக்கு அந்த வீட்டுக் கூழு. "வேர்க்காரி எப்படி இருக்கா?"ன்னு கேக்காத ஆளு இல்ல.

அப்போ செங்கோடன்னு ஒருத்தன் வந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆளு, ஒத்தக் கையால மூட்டையத் தூக்குவான். போன வருஷம் அவனுக்கு இடுப்புப் பிடிச்சப்ப வேர்க்காரிதான் வேர் எடுத்துக் குடுத்தா. அந்த நன்றி அவனுக்கு இருந்துச்சு. தோள் மேல கடப்பாரையோட வந்து நிக்கறான்.

"ஆத்தா, நான் போயி எடுத்தாறேன்."

"கடப்பாரைய வெச்சுட்டுப் போ. இந்தா மான்கொம்பு. நெழலு பத்திரம். பேரச் சொல்லி எடு."

"அதெல்லாம் தெரியும் ஆத்தா."

தடதட தடதடன்னு ஏறுனான். செடியப் பாத்தான். மேல்பக்கமா குந்துனான். நெழலு பின்னால போச்சு. "வேர்க்காரிக்கு. ரெண்டு முட்டி"ன்னு சத்தமாச் சொன்னான். கர்க் கர்க்னு நோண்டி, வேரப் புடிச்சு இழுத்தான். பட்டுனு அறுந்து போச்சு! கையில பாத்தா விரல் நீளம்தான் இருக்கு. மீதி மண்ணுக்குள்ள.

இருந்தாலும் கொண்டாந்து அரைச்சுப் போட்டாங்க. பத்து காஞ்சுச்சு, உதுந்துச்சு. வீக்கம் அப்படியே இருக்கு. வேர்க்காரி அவனக் கூப்புட்டுக் கேட்டா.

"இரும்பு பட்டுச்சா?"

"இல்ல ஆத்தா."

"நெழலு விழுந்துச்சா?"

"சத்தியமா இல்ல ஆத்தா."

"பேரு சொன்னியா?"

"சொன்னேனே. வேர்க்காரின்னு."

அவ மான்கொம்பத் திரும்ப வாங்கித் தலைமாட்டுல வெச்சுக்கிட்டா. அப்புறம், "சரி, மாடு தண்ணிக்குக் கத்துது, போ"ன்னு அனுப்பிட்டா. வெளிய வந்த செங்கோடனுக்கு ஒண்ணும் புரியல. "நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்?"னு மாட்டுகிட்ட கேட்டுக்கிட்டே போனான்.

"மாடு என்ன சொல்லுச்சு?"

மாடு "ம்"னு சொல்லுச்சு. உன்னை விட ஒழுங்கா "ம்" போடுது அது.

அப்புறம் வைத்தியர் வந்தாரு. ஆண்டியப்ப வைத்தியர். நாப்பது வருஷமா வேர்க்காரி எடுத்துக் குடுக்கற வேர வெச்சுத்தான் அவரு மருந்தே பண்ணுனாரு. படிச்ச மனுசன். வீட்டுல ஏடு ஏடா கட்டி வெச்சிருப்பாரு. "முரட்டுப் பய இழுத்தா வேர் அறாம என்ன செய்யும்? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல"ன்னாரு. பொழுது கெளம்பறப்ப குளிச்சு முழுகி, நெத்தியில துன்னூறு பூசி, ஆளுங்கள விட்டுத் தன்னைக் கைத்தாங்கலா ஏத்திக்கிட்டாரு. ரெண்டாவது செடிகிட்டப் போயி, மஞ்சக் கயித்துல காப்புக் கட்டுனாரு. செடியோட சாபம் தீக்கற பாட்டு பாடுனாரு. நெழலு விழாமப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் கையக் கூப்பி, "நாப்பது வருஷமா எனக்கு வேர் குடுத்த மகராசி, ஊர் வலியெல்லாம் தீர்த்த புண்ணியவதி, அவளோட மூட்டு வலிக்கு"ன்னாரு. எப்படி, அழகாச் சொன்னாரில்ல?

"ம்."

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பொறுமையா நோண்டுனாரு. வேர் ஒரு சாண் வந்துச்சு. வந்து, நுனிகிட்ட, டிக்குனு அறுந்துச்சு. வைத்தியரு அப்படியே ஒக்காந்துட்டாரு.

அத அரைச்சுப் போட்டாங்க. சாயங்காலம் வீக்கம் கொஞ்சம் வத்துச்சு. வேர்க்காரி காலக் கீழ தொங்கப் போட்டு உக்காந்தா. ஊரே சந்தோசப்பட்டுச்சு. மறுநாள் காலையில பாத்தா, பொம்முனு பழையபடி நிக்குது.

"என்ன பேரு சொன்னீங்க வைத்தியரே?"ன்னு கேட்டா.

"பேரா? உன்ன மகராசின்னேன், புண்ணியவதின்னேன். இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

"மரியாதைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல"ன்னு சொல்லிட்டு, அவ சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அப்போ சரிவுல ஒரே ஒரு செடிதான் பாக்கி. மேக்கால இருந்து கருகருன்னு மேகம் வேற கெளம்புது.

"பெரியம்மா, அவளே தன் பேரச் சொல்லியிருக்கலாம்ல? இந்தாப்பா, இதுதான் என் பேருன்னு."

சொல்லியிருக்கலாம். நானும் சின்னதுல இதே கேள்வி கேட்டேன். ஆனா நீ நேத்து என்ன பண்ணுன? பள்ளிக்கூடத்துல எவளோ உன் பக்கத்துல உக்கார மாட்டேன்னுட்டா, நீ வீட்டுக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தியே, ஏன் வாயத் தொறந்து சொல்லல?

"அம்மா கேக்கட்டும்னு."

அதேதான். நாப்பது அம்பது வருஷமா ஊர்ல ஒவ்வொருத்தரையும் "பேரு என்னா"ன்னு கேட்டவ அவ. அவள ஒருத்தராவது கேட்டாங்களா? வீம்புன்னு வெச்சுக்க. எனக்கு அவகிட்ட ரொம்பப் புடிச்சதே அந்த வீம்புதான்.

"ம்."

மூணாவதா யாரு போனா? செங்கோடனுக்கு மூணு மாசம் முன்னால கல்யாணம் ஆயிருந்துச்சு. பொண்டாட்டி தூரத்து ஊரு. அன்னைக்குச் சோத்து மொறை அவங்க வீட்டோடது. மாமியாக்காரி பாவாயி, "ஏ புள்ள, வேர்க்காரிக்குக் கூழு குடுத்துட்டு வா"ன்னு அனுப்புனா. அந்தப் பொண்ணு ஒரு சட்டியில கம்பங்கூழும், கையில ரெண்டு மோர் மொளகாவும் எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னா.

"யாரு?"ன்னு கேட்டா வேர்க்காரி, திரும்பாமயே.

"நாந்தாங்க. செங்கோடன் வீட்டுப் புதுப்பொண்ணுங்க."

"வெச்சுட்டுப் போ."

வெச்சா. ஆனா போகல. கட்டில்ல இருந்து கை எட்டாதுன்னு பாத்துட்டா. கூழ ஊத்திக் கையில குடுக்கலாம்னு கிட்டப் போனா. கூப்புடணுமே, என்னன்னு கூப்புடறது? அந்தப் பொண்ணோட ஊர்ல பெரியவங்கள அப்படி வேலையச் சொல்லிக் கூப்புட மாட்டாங்களாம். "ஏங்க"ன்னு ஆரம்பிச்சா, முழுங்குனா. அப்புறம் கேட்டுட்டா.

"உங்க பேரு என்னாங்க?"

வேர்க்காரி சட்டுனு திரும்புனா.

"எதுக்குக் கேக்கற?"

"கூப்புடறதுக்குங்க."

அவ்வளவுதான் சொன்னா. வேர் எடுக்கறதுக்குன்னு சொல்லல, பேருல ஒரு சூட்சுமம் இருக்குன்னு அவளுக்குத் தெரியவும் தெரியாது. கூழு குடுக்கறதுக்காகக் கேட்டா.

வேர்க்காரி வாயத் தொறந்தா. அம்பது வருஷமா யாரும் தொடாத பேரு, எங்க வெச்சோம்னே தெரியல அவளுக்கு. அரிசிப் பானைக்குப் பின்னால சாவியத் தேடற மாதிரித் தேடுனா. அப்புறம் அவ அம்மா ஞாபகம் வந்துச்சு. சின்னப் புள்ளையா சரிவுல ஆடு மேய்ச்சுக்கிட்டு நிக்கறா, கீழ இருந்து அம்மா கை ரெண்டையும் வாயில குவிச்சு வெச்சுக்கிட்டுக் கூப்புடறா. அந்தக் கூப்பாடு காதுல கேட்டுச்சு.

"குழந்தாயி"ன்னா.

சொல்லிட்டு அழுதா. மறைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது, நல்லா அழுதா. அந்தப் பொண்ணு பயந்து போயி கூழ் சட்டியோட அப்படியே நின்னா.

சிரிக்கறியா? கெழவிக்கு எப்படிக் குழந்தாயின்னு பேருன்னா? வெச்சப்ப அவ குழந்தைதானே கண்ணு. நீ மட்டும் என்ன, என் வயசு ஆனப்புறமும் உன் பேரு அதேதான் இருக்கப் போகுது.

"ம்..."

அப்புறம் மூக்கத் தொடச்சுக்கிட்டு அவ கேட்டா, "உன் பேரு என்னா புள்ள?"

அந்தப் பொண்ணு சட்டியக் கீழ வெச்சுட்டு நிமுந்தா. மூணு மாசமா அவளையும் யாரும் பேரச் சொல்லிக் கூப்புடல. மாமியாருக்கு அவ ஏ புள்ள. தெருவுக்குப் புதுப்பொண்ணு. செங்கோடனுக்கு "இந்தா". தண்ணி எடுக்கப் போன எடத்துல ஒருநாள் கெணத்துக்குள்ள குனிஞ்சு, தன் பேரத் தானே மெதுவாச் சொல்லிப் பாத்தாளாம், இருக்குதா போயிடுச்சான்னு.

"சிலம்பாயிங்க"ன்னா.

"நல்ல பேரு. கூழு ஊத்து சிலம்பாயி."

சிலம்பாயி கூழு ஊத்துனா. குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தா. அப்புறம், "அந்தக் கடைசிச் செடிக்கு நான் போறேனுங்க"ன்னா. கெழவி மான்கொம்ப அவ கையில குடுத்து, மூணு கட்டுத்திட்டத்தையும் சொன்னா.

மறுநாள் காலையில மானம் இருட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. பாவாயி வாசல்ல நின்னு, "அடி இவளே, புதுப்பொண்ணு மலை ஏறறதா? கை கால ஒடச்சுக்கிட்டா உங்க ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?"ன்னு கத்துறா. சிலம்பாயி சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு நடந்தா. அவ மலையே பாத்ததில்ல, அவ ஊரு ஆத்தங்கரை. ஏறுனா, சறுக்குனா. ஏறுனா, முள்ளு குத்துச்சு. ஏறுனா, கல்லு உருண்டுச்சு, கடகட கடகடன்னு. மூணாவது தடவைதான் செடிகிட்டப் போயிச் சேந்தா. மேகம் மூடியிருந்ததால நெழலுன்னு ஒண்ணே இல்ல, அந்தக் கவலை மிச்சம். அப்போ சொட்டுனு ஒரு துளி, அவ கை மேல.

அவ செடி முன்னால குந்தி, "நான் சிலம்பாயி வந்திருக்கேன். குழந்தாயிக்கு. ரெண்டு முட்டியும்"னா.

கர்க். கர்க். மான்கொம்பு எறங்குச்சு. சொட்டு, சொட்டுன்னு மழை. ஒரு சாண் தோண்டுனா, கீழ ஒரு கல்லு. வேரு அந்தக் கல்லச் சுத்தி வளைச்சுக்கிட்டுப் போகுது. இழுத்தா வந்துடும் போல இருக்கு. மழை வேற வலுக்குது, தண்ணி எறங்குனா வேர் கெட்டுச்சு. இழுத்துடலாமா? நீயா இருந்தா என்ன பண்ணுவ?

"இழுக்க... மாட்டேன்."

அவளும் இழுக்கல. மான்கொம்ப வெச்சுட்டு, விரலாலயே அந்தக் கல்லச் சுத்தி மண்ண எடுத்தா. நகமெல்லாம் மண்ணு. ஒரு தடவை மண்ண எடுப்பா, "குழந்தாயிக்கு"ம்பா. இன்னொரு தடவை எடுப்பா, "குழந்தாயிக்கு"ம்பா. கல்லு அசைஞ்சுச்சு. பொரட்டிப் போட்டா. வேரப் புடிச்சு மெதுவா... மெதுவா... சொர்ர்ர்ருனு வந்துச்சு பாரு! ஒரு மொழத்துக்கு மேல. நுனியில மசுரு மாதிரி ஒரு நார், அது கூட அறல. குப்புனு குதிரை வாடை. அவ சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே பழத்தையெல்லாம் உதுத்துக் குழியில போட்டு, காலால மூடுனா. மூடி முடிக்கவும் மழை சோன்னு புடிச்சுக்கிச்சு. வேர மடியில சுத்திக்கிட்டு, உக்காந்த வாக்குலயே சறுக்கி சறுக்கிக் கீழ வந்து சேந்தா.

அரைச்சுப் போட்டாங்க. மொத நாளு, வலி கொறைஞ்சுச்சு. ரெண்டாம் நாளு, வீக்கம் வத்துச்சு. மூணாம் நாளு காலையில கட்டில்ல இருந்து கால எறக்கி, கம்ப ஊனி, எந்திரிச்சா. நின்னா. அப்புறம் ஒரு எட்டு வெச்சா. டொக்கு. இன்னொரு எட்டு. டொக்கு. தெருவுக்கு வந்துட்டா.

சிலம்பாயி அப்பதான் கொடத்தோட தண்ணிக்குப் போயிட்டிருக்கா. பாத்துட்டா. கொடத்தக் கீழ வெச்சா. கை ரெண்டையும் வாயில குவிச்சு வெச்சுக்கிட்டு, தெருவே அதிர்ற மாதிரி, "குழந்தாயம்மா...!"ன்னு கூப்புட்டா.

தெருவுல இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. யாரு குழந்தாயம்மா? இந்தத் தெருவுல அப்படி ஒருத்தரும் இல்லையே? அப்போ அந்தக் கம்பு ஊனுன கெழவி நின்னு, சிரிச்சு, "என்னா சிலம்பாயி!"ன்னு பதில்குரல் குடுத்தா. வாசல்ல நின்ன பாவாயி மருமகளப் பாக்கறா, கெழவியப் பாக்கறா. அவ மெதுவாச் சொன்னா, "எனக்கு மூணு தடவை வேர் எடுத்துக் குடுத்திருக்கா. மூணு தடவையும் என் பேரு கேட்டா. நான் ஒரு தடவை கூடக் கேக்கலையே." சொல்லிட்டு எறங்கி வந்து, கீழ கெடந்த கொடத்த எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு, "நீ அவங்கள வீட்டுல விட்டுட்டு வா சிலம்பாயி, தண்ணிய நான் எடுக்கறேன்"ன்னுட்டுக் கெணத்துக்குப் போனா.

தை மாசத்துல அந்தச் சரிவுல செடிங்க மறுபடி நின்னுச்சு, குழியில போட்ட பழமெல்லாம் மொளச்சு. ரெண்டு பேரும் சேந்து ஏறுனாங்க. டொக்கு, டொக்கு, கூடவே ஒரு கொலுசு சத்தம்.

கதை சரிவுல ஏறிடுச்சு, வேரு மண்ணுல எறங்கிடுச்சு, நீ தூக்கத்துல எறங்கு.

"பெரியம்மா..."

இன்னும் தூங்கலையா?

"இந்த வேர யாரு எடுத்தா?"

எனக்கா? கடையில பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. எத்தனை கிராமுன்னு கேட்டாங்க, வேற ஒண்ணும் கேக்கல.

"அதான் உனக்கு இன்னும் வலிக்குது. உன் பேரு என்ன?"

என் பேரா? எதுக்குடி இப்ப? ...உங்கம்மாவுக்கு நான் அக்கா, உனக்குப் பெரியம்மா, பக்கத்து வீட்டுக்கு டீச்சர் அக்கா... சரி சரி, முறைக்காத. மங்கையர்க்கரசி. எங்க அப்பா வெச்சது. நீளம்தான், என்ன பண்றது. ஏய், கைய முட்டி மேல வைக்காத, பத்து இன்னும் காயல. ...சரி, வெச்சுக்க. மெதுவா.

"நான் ஆதிரை வந்திருக்கேன். மங்கையர்க்... மங்கை... ரெண்டு முட்..."

ஆதிரை? கண்ணு?

தூங்கிடுச்சு. பேரு பாதியில அறுந்து போச்சு. பாதி வலி போனா எனக்குப் போதும். மீதிய காலையில எந்திரிச்சுச் சொல்லு, நான் கால நீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.